இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில்

எங்கள் மீன் ஏலக்கூடத்தில் மைக் கிடையாது. இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்கள். தகரக் கூரையில் மோதித் திரும்புகிற சத்தத்தில் எந்தப் பெட்டி யாருக்குப் போகிறது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு பக்கம் ஐஸ் உடைக்கிற இயந்திரம், இன்னொரு பக்கம் ஈரத்தரையில் பெட்டிகளை இழுக்கிற கரகரப்பு, நடுவில் நூறு வாய். இத்தனையையும் தாண்டிப் போய் விழ மனிதத் தொண்டைதான் வேண்டும். அந்தத் தொண்டை இருபத்தாறு வருஷமாக ஒரே ஆளுடையது. வெண்கலம் என்றால்தான் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

நான் அங்கே எடை போடுகிறவன். அவர் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. நடுவில் ஒரே சுவர், அதுவும் பேருக்குத்தான் சுவர். அதனால் நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி சுவர் வழியாகக் கேட்டது. ஒட்டுக் கேட்டாயா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். காதை எங்கே கழற்றி வைப்பது?

வெண்கலத்தின் பெருமை சத்தம் மட்டுமல்ல. கத்துகிறவன் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பான். ஏலம் சொல்கிறபோது "ஒரு தரம்" என்பார், "ரெண்டு தரம்" என்பார், அதற்குப் பிறகு ஒரு மூச்சு இழுக்கிற நேரம் நிறுத்தி வாசலைப் பார்ப்பார். வண்டி கிடைக்காமல், செருப்புப் பிய்ந்து, எவனாவது கடைசி நேரத்தில் ஓடி வந்துகொண்டிருப்பான். அவன் கண்ணில் பட்டால் மூன்றாம் தரம் சொல்ல மாட்டார். "ஆள் வருது, இரு" என்பார். மற்றவர்கள் முணுமுணுத்தாலும் அதை அநியாயம் என்று ஒருவரும் சொன்னதில்லை. தனக்கும் ஒரு நாள் பிந்தும் என்று எல்லாருக்கும் தெரியும்.

வீட்டிலும் அவர் வாய் ஓயாது. மனுஷன் செருப்பைக் கழற்றும்போதே அன்றைய கதையை ஆரம்பித்துவிடுவார். அவர் மனைவி, எனக்கு அண்ணி, தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தபடி "ம்" கொட்டிக்கொண்டிருப்பார். சட்டைக் காலர் தைத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. காலையில் கட்டுக் கட்டாக வரும், மறுநாள் கட்டுக் கட்டாகப் போகும். இயந்திரத்தின் கடகடப்பும் வெண்கலத்தின் குரலும் சேர்ந்துதான் எனக்கு அந்த வீடு. பாப்பா என்று இன்னும் கூப்பிடப்படுகிற இருபத்து நாலு வயது மகள், பல் டாக்டரின் முன்னறையில் பேர் எழுதுகிற வேலை பார்த்தாள்.

அந்தத் தொண்டையில்தான் ஒரு முடிச்சு வந்தது. மிளகு அளவுதான். ஆனால் ஏலத்தின் நடுவில் சொல் உடைந்தது, காலையில் குரலே வராமல் போனது. தொண்டை டாக்டரம்மா அதை வெட்டி எடுத்தார். கெட்ட கட்டி இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். பயப்பட வேண்டியதை அதற்குப் பிறகுதான் சொன்னார். முப்பது நாள் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. கிசுகிசுப்பது பேசுவதைவிடக் கெடுதல். செருமவும் கூடாது. புண் ஆறுவதற்குள் கத்திவிட்டால் பேச்சு வரும், ஆனால் ஏலக்கூடத்துக்கு உதவாது. அப்புறம் பெட்டிதான் தூக்க வேண்டும். நாற்பத்தொன்பது வயதில், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு.

அண்ணி எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்து, இந்த ஆளைப் பேச வைக்கிறவர்கள் யாராக இருந்தாலும் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

முதல் வாரம் சிரிப்பும் எரிச்சலுமாகப் போனது. பாப்பாவின் பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டுவார். அவர் எழுத்து பெட்டி எண் எழுதிப் பழகிய எழுத்து, பாதி எனக்கே புரியாது. எழுதப் பொறுமையில்லாத நேரத்தில் கூடத்துச் சைகைகளை எடுத்துவிடுவார். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே காதைத் தொட்டார். அண்ணி, காது வலியா என்று பதறிப்போய் எண்ணெய் எடுக்க ஓடினார். காதைத் தொட்டால் இன்னும் ஒன்று கூட்டு என்று அர்த்தம், அவருக்கு இன்னொரு கரண்டி வேண்டுமாம் என்று நான் போய் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

ஆறாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் கூடத்துக்கு வந்து நின்றார். அங்கே அவருக்குப் பதிலாகக் குமாஸ்தா கையொலிபெருக்கியை வைத்துக்கொண்டு மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் கக்கிக்கொண்டிருந்தான். வாசலில் மூச்சு வாங்க ஒரு கிழவி வந்து நிற்கிறாள், பெட்டி போய்விட்டது. வெண்கலத்தின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். எடைக் கல்லைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தி, வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். என் கையைக் கடித்துவிட்டார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அதோடு வெளியே போவதும் நின்றது. தொலைக்காட்சியும் போயிற்று, ஏனென்றால் செய்தி படிக்கிறவளுக்குப் பதில் சொல்லப் பார்த்தார். வீட்டிலிருந்த மூன்று குழாயையும் கழற்றி மாட்டினார். அதில் ஒன்று, அவர் கை படும்வரை ஒழுகாத குழாய். சுவரின் இந்தப் பக்கம் எனக்கு இயந்திரச் சத்தம் மட்டும் வந்தது, நடுவில் பெருமூச்சு. இருபது வருஷமாக இந்த மனுஷன் கொஞ்சம் வாயை மூட மாட்டாரா என்று வேண்டியவன் நான். மூடினதும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பாப்பா ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். பல் பிடுங்க வந்த எவரோ மறந்துவிட்டுப் போனது, நாலு மாதமாக யாரும் கேட்கவில்லை. அட்டை இல்லை. கதைப் புத்தகம் என்பது மட்டும் தெரிந்தது. வெண்கலம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார்: 'நான் என்ன பள்ளிக்கூடப் பையனா?'

ஆனாலும் வேறு வழியில்லை. முதல் நாள் அவர் படித்த அழகைப் பார்க்க வேண்டுமே. பெட்டிப் பட்டியலைப் பார்க்கிற மாதிரி விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. எங்கேயாவது எண் வருகிறதா, எடை வருகிறதா என்று கண் தேடுகிறது. ஐந்து நிமிஷத்தில் இருபது பக்கம் முடித்துவிட்டு, இதில் ஒன்றுமே இல்லை என்று எழுதிக் காட்டினார்.

அண்ணி இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"பெட்டி தள்ற மாதிரி தள்ளுனா என்ன இருக்கும்? முதல்லேருந்து வாங்க. அந்தப் பொண்ணு எதுக்கு ஜன்னல்கிட்ட நிக்கிறான்னு பாருங்க."

எந்தப் பெண், எந்த ஜன்னல் என்று அவர் முழித்தார். அண்ணிக்கு அது எப்படித் தெரியும் என்று நானும் முழித்தேன். காலர் கட்டைப் பிரிக்கிற சாக்கில் அவர் முதல் பக்கத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மூன்று நாள் கழித்து நான் வேலை முடிந்து போனபோது வெண்கலம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. கனைத்தேன். நிமிர்ந்து, முகம் செத்துப்போய், நோட்டை எடுத்து எழுதினார்: 'பெரியவர் தேற மாட்டார் போலிருக்கு.'

"யாருண்ணே? நம்ம கூடத்து ஐஸ்காரரா?"

புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இல்லாத மனுஷனுக்கா இந்த முகம்? ஆனால் அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுதினார், எழுதினார், ஒரு பக்கம் முழுக்க எழுதினார். ஆற்றங்கரையில் ஒரு வீடாம், பெரியவருக்கு மூன்று பிள்ளைகளாம், மூத்தவன் நயவஞ்சகனாம், கடைசிப் பெண் தூர ஊரில் வேலை செய்கிறாளாம், அவளுக்குத்தான் அந்த வீட்டின் மேல் உயிராம். நான் பாதியில் படிப்பதை நிறுத்திவிட்டு, கூடத்துச் செய்தி எதுவும் வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். இருபத்தாறு வருஷத்தில் அந்த மனுஷன் மீன் விலை வேண்டாம் என்று சொன்னது அன்றைக்குத்தான்.

அந்த நோட்டின் கடைசியில் வேறொன்றையும் எழுதியிருந்தார். அதை மட்டும் நான் முழுசாகப் படித்தேன். பதிமூன்று வயதில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படிப்பாராம். கீழேயிருந்து கூப்பிடுவது கேட்காதாம். அடி விழுந்த பிறகுதான் பசி தெரியுமாம். பத்தொன்பது வயதில் அப்பா கூடத்தில் பெட்டி தூக்கச் சேர்த்துவிட்டார், அன்றோடு சரி. 'முப்பது வருஷமா இது எங்கேயோ கிடந்திருக்கு. நான் செத்துப்போச்சுன்னு நெனச்சேன்' என்று முடித்திருந்தார். நான் நோட்டை மூடி வைத்துவிட்டு மழையைப் பற்றி ஏதோ பேசினேன்.

மழையும் அப்போது பிடித்துக்கொண்டிருந்தது. காற்று மாறி, படகுகள் இரண்டு நாளைக்கு ஒரு நாள்தான் போயின. தெருவெல்லாம் சேறு. காயாத காலர் துணி வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் தொங்கியது. அதற்குக் கீழே ஒரு ஆள் படித்துக்கொண்டிருந்தார். வீடு முன்பு போலவே சத்தமில்லாமல்தான் இருந்தது, ஆனால் அந்தப் பெருமூச்சு நின்றுவிட்டது. அண்ணிக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது. இரண்டையும் மறைக்கவில்லை. என்னைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷத்துல என் மூஞ்சிய இப்படி உத்துப் பார்த்திருப்பாரா என்று பாப்பாவிடம் கேட்டாராம்.

ஒரு வில்லங்கம் மட்டும் இருந்தது. படிக்கும்போது அவர் உதடு அசைந்தது. கதையில் யாராவது பேசினால் தொண்டையும் சேர்ந்து அசைந்தது. வாய் விட்டுச் சொல்லியே பழகிய ஆள், எழுத்தைக் கண்டால் கூவத்தான் வரும். டாக்டரம்மா கிசுகிசுக்கவே கூடாது என்றாரே என்று அண்ணி தலையில் கை வைத்தார். அப்புறம் அண்ணியே ஒரு வழி கண்டுபிடித்தார். படிக்க உட்காரும்போது ஒரு வாய்த் தண்ணீர். விழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. தண்ணீர் இருக்கிற வாய் எப்படி அசையும்? கன்னம் இரண்டும் உப்பிப்போய், பல்வலியில் முகம் வீங்கின குழந்தை மாதிரி அவர் படிப்பதைப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது. நான் அடக்கவும் இல்லை.

இருபத்து மூன்றாம் நாள் மத்தியானம். நல்ல மழை. கூடத்துக்கு விடுமுறை, நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன். பக்கத்து வீட்டில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று சுவர் அதிர்ந்தது.

"இருய்யா! ஆள் வருது!"

அந்தக் குரலை நான் எங்கே கேட்டாலும் அறிவேன். ஐஸ் இயந்திரத்தைத் தாண்டிப் போகிற குரல். எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ஆகா, குரல் வந்துவிட்டதே என்று ஒரு குதூகலம். அடுத்த நொடிதான் இன்னும் ஏழு நாள் பாக்கி என்று உறைத்தது. ஓடினேன்.

வெண்கலம் இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மடியில் இருந்த புத்தகம் தரையில். வாயிலிருந்த தண்ணீர் முழுக்க அதன் மேல். அண்ணி இயந்திரத்தின் மேல் கை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார், ஊசி ஒரு காலரில் பாதி இறங்கி நின்றது. என்ன நடந்தது என்று கேட்க ஆளில்லை. அவரே நோட்டை எடுத்து எழுதினார்.

பெரியவர் போய்விட்டாராம். மூத்தவன் வீட்டை ஏலத்துக்கு விட்டுவிட்டானாம். கடைசிப் பெண் செய்தி கேட்டு, கையில் இருந்ததையெல்லாம் திரட்டிக்கொண்டு, மழையில் ரயில் பிடித்து, ஸ்டேஷனிலிருந்து ஓடி வருகிறாளாம். ஏலம் சொல்கிற பயல் ஒரு தரம் என்கிறான், ரெண்டு தரம் என்கிறான், அவள் படியில் கால் வைத்துவிட்டாள், அவன் வாசலைத் திரும்பியே பார்க்கவில்லை. 'பார்க்கலடா அவன்' என்று இரண்டு தடவை எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அத்தோடு அந்த அத்தியாயம் முடிந்துவிட்டதாம்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் அந்தக் கதையைப் படித்திருப்பார்கள். அழுதிருப்பார்கள், திட்டியிருப்பார்கள். வேறு எவன் எழுந்து நின்று ஏலத்தை நிறுத்தியிருப்பான்?

பாப்பா டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். கத்தினாரா, எவ்வளவு சத்தமாக, எத்தனை சொல் என்று கேட்டாராம். மூன்று சொல் என்று இவள் சொன்னாளாம். வலி இருக்கிறதா என்று கேட்டதற்கு, எரிகிறது, உமிழ்நீரில் லேசாகச் சிவப்பு என்றாளாம். இப்போது மூக்கு வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தால் புண்ணை இன்னும் கிளறும், வாயைத் திறக்காமல் முப்பதாம் நாள் வாருங்கள், அதுவரை நானும் எதுவும் சொல்வதற்கில்லை என்றாராம்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த வீட்டில் இரண்டு ஊமை. அண்ணி அவரைத் திட்டவேயில்லை. பதில் பேச முடியாத ஆளைத் திட்டி என்ன சுகம் தம்பி என்று என்னிடம் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். இனி அதைக் கண்ணில் காட்டுவதில்லை என்று முடிவு. ஆனால் அடுத்தவர் பொருள், நாளைக்கே எவராவது வந்து கேட்டால்? நனைந்த பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே அடுப்பு மேடையில் வைத்து, மின்விசிறியைத் திருப்பி வைத்து, பக்கம் பக்கமாகப் பிரித்து ஒற்றி எடுத்தார். ஒரு பக்கம் காய ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷம் கண் எங்கே போகும்?

மறுநாள் மத்தியானம் சுவரின் இந்தப் பக்கம் நான் ஒன்றைக் கவனித்தேன். தையல் இயந்திரம் ஓடவில்லை. கொஞ்சம் ஓடும், நிற்கும், நெடுநேரம் நிற்கும். உடம்புக்கு முடியவில்லையோ என்று எட்டிப் பார்த்தேன். அண்ணி அடுப்பு மேடைக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கம் எப்போதோ காய்ந்துவிட்டது. பாத்திரத்தில் சூப் வற்றி அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. அடுப்பை நான்தான் அணைத்தேன்.

"இன்னும் காயலயா அண்ணி?" என்றேன், குத்தலாகத்தான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "பாப்பா அப்போ ரெண்டு மாசக் குழந்தை, தம்பி. நான் ஒரு கதை படிச்சிட்டிருந்தேன். அவ அழுதா. புத்தகத்தைக் கவுத்து மெத்தை மேல வச்சிட்டுப் போயி அவளைத் தூக்குனேன். அப்புறம் அதைத் திருப்பி எடுக்கவே இல்ல. இருபத்து நாலு வருஷம் ஆச்சு. மருந்துச் சீட்டு படிச்சிருக்கேன், ஸ்கூல் நோட்டீஸ் படிச்சிருக்கேன். இப்பத்தான் திரும்பி வந்து உக்காந்திருக்கேன்."

"அவரை இப்படி ஆக்குன புத்தகம் அண்ணி இது" என்றேன்.

"தெரியும். அதான் எனக்கு என் மேலயே ஆத்திரமா வருது. அவர் குரல் போயிடுமோன்னு வயித்துல நெருப்பு. அதையும் வச்சிக்கிட்டு, இந்தப் பொண்ணு என்ன ஆனான்னு தெரியாம எந்திரிக்கவும் முடியல."

நான் வந்துவிட்டேன். அன்றைக்குக் காலர் வாங்க வந்தவன் அரைக் கட்டோடு திரும்பிப் போனான்.

வெண்கலத்துக்கு இது தெரியாமல் இருக்குமா? இருபத்தேழாம் நாள் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி நீட்டினார்: 'புத்தகத்தைக் குடு.' அண்ணி மாட்டேன் என்று தலையாட்டினார். 'என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லு' என்று எழுதினார். நல்லது நடந்திருந்தாலும் கத்துவீங்க, கெட்டது நடந்திருந்தாலும் கத்துவீங்க, முப்பதாம் நாள் முடியட்டும் என்றார் அண்ணி. நியாயமான பேச்சுதான்.

அப்போது வெண்கலம் இன்னொரு வேலையை ஆரம்பித்தார். கூடத்தில் எவன் இன்னும் ஏறுவான், எவன் நின்றுவிட்டான் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்கிற ஆள். புருவம் அரை நூல் ஏறினால் போதும் அவருக்கு. ஆகவே அண்ணி படிக்கும்போது சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்க்கத் தொடங்கினார். வீடு கைக்கு வந்ததா, போய்விட்டதா என்பதை அந்த முகத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று கணக்கு. அண்ணி லேசுப்பட்டவரா? சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். இவர் பக்கவாட்டில் நகர்ந்தார். அவர் முந்தானையை எடுத்து முகத்துக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டார். நான் போனபோது இருவரும் இப்படித்தான் இருந்தார்கள். கோபமாக இருக்கிற புருஷன் பெண்டாட்டி மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சில சமயம் வெண்கலத்தின் கை தானாகத் தொண்டைக்குப் போகும். அங்கேயே நிற்கும். அந்தக் கையை அண்ணி பார்ப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அப்போது அண்ணி புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவதை நிறுத்திவிடுவார்.

முப்பதாம் நாள் கூடத்து ஐஸ் வண்டியைக் கேட்டு வாங்கி நான்தான் அவர்களை ஓட்டிக்கொண்டு போனேன். பாப்பாவும் லீவு போட்டுவிட்டு வந்தாள். காத்திருக்கிற அறையில் எட்டு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குப்பி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. குமாஸ்தாவே நிரந்தரமாகிவிடுவான் என்று கூடத்தில் ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியக் கூடாது என்று நானும், தனக்குத் தெரியும் என்று நான் அறியக் கூடாது என்று அவரும் மும்முரமாகக் கூரையைப் பார்த்தோம். அண்ணி மடியில் துணிப் பையை இறுக்கிப் பிடித்திருந்தார். உள்ளே தடியாக ஏதோ இருந்தது.

கூப்பிட்டதும் நாலு பேருமாக உள்ளே நுழைந்தோம். டாக்டரம்மா வெண்கலத்தின் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். திரையில் சிவப்பும் வெள்ளையுமாக ஏதோ அசைந்தது, எனக்கு மீன் செவுள் மாதிரிதான் தெரிந்தது. வெண்கலத்தின் நெற்றியில் வியர்வை.

குழாயை எடுத்துவிட்டு டாக்டரம்மா கையைத் துடைத்தார். புண் ஆறியிருக்கிறது, ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் தடித்திருக்கிறது, அது அந்த மூன்று சொல்லால் வந்ததாக இருக்கலாம் என்றார். கண்ணால் பார்த்து இவ்வளவுதான் சொல்ல முடியும், மீதியைக் காதுதான் சொல்ல வேண்டும்.

"பேசிப் பாருங்க. கத்த வேணாம், முணுமுணுக்கவும் வேணாம். வீட்டுல பேசுற மாதிரி. என்ன வேணா சொல்லலாம்."

பாப்பா கைப்பேசியை எடுத்து நீட்டினாள், பதிவு செய்ய. அவர் முதல் சொல்லாக என்ன சொல்வார் என்று கூடத்தில் பந்தயமே கட்டியிருந்தார்கள். ஒரு தரம் என்று ஆரம்பிப்பார் என்பது என் கட்சி. கடவுளைக் கூப்பிடுவார் என்றார் ஐஸ்காரர். தன்னைத்தான் கூப்பிடுவார் என்று பாப்பா நம்பினாள். அண்ணி எதையும் நம்பின மாதிரி தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, பையைப் பிடித்தபடி நின்றார்.

வெண்கலம் எச்சிலை விழுங்கினார். மூச்சை இழுத்தார். டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை, கைப்பேசியைப் பார்க்கவில்லை. அண்ணி பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணுக்கு வீடு கிடைச்சுதா?"

ஓரம் கரகரத்தது, உண்மைதான். ஆனால் அந்தக் கரகரப்புக்குக் கீழே பழைய வெண்கலம் அப்படியே இருந்தது. அலமாரியில் இருந்த கண்ணாடிக் குப்பிகூட லேசாக அதிர்ந்தது என்று நான் கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதில் கொஞ்சம் என் சரக்கு.

டாக்டரம்மா, எந்தப் பெண், எந்த வீடு, இவர் என்ன பேசுகிறார் என்று பதறி, விளக்கை எடுத்து அவர் கண்ணைச் சோதிக்கப் போனார். பாப்பா சிரித்துக்கொண்டே அழுதாள். அண்ணி கண்ணைத் திறந்தார். ஒரு வாரமாக அவருக்குள் இருந்த நெருப்பு எல்லாம் ஒரேயடியாக இறங்குவது தெரிந்தது. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். அப்புறம் பையைத் திறந்து, அலை அலையாக நெளிந்துபோன பக்கங்களோடு அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"சொல்ல மாட்டேன். நீங்களே படிச்சுக்கங்க" என்றார். "நான் ரெண்டு தடவை முடிச்சிட்டேன்."

முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பேசலாம், இரண்டாம் வாரம் அரை மணி, இரண்டு மாதம் கழித்துக் கூடத்தைப் பற்றி யோசிக்கலாம், அந்த ஓரத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்ததை நான்தான் வாங்கிக்கொண்டேன். மற்ற மூன்று பேரும் அந்த உலகத்திலேயே இல்லை.

வண்டியில் முன்னிருக்கை நீளமானது, நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். மழை விட்டிருந்தது. பத்து நிமிஷம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்களே, கிளம்பின கையோடு பிடித்துக்கொள்வார், முப்பது நாள் பாக்கியையும் என் காதில் கொட்டுவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் தடித்த விரலால் பக்கங்களைப் பிரித்துக்கொண்டே போய் அந்த அத்தியாயத்தின் முடிவைக் கண்டுபிடித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். தலை குனிந்தது. அண்ணி இந்தத் தடவை ஒளிந்துகொள்ளவில்லை. கூச்சமில்லாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார், ஒவ்வொரு வரிக்கும் அந்த முகத்தில் என்ன ஏறுகிறது, என்ன இறங்குகிறது என்று. அவர் கண் எந்த வரியில் நிற்கிறது என்பது அண்ணிக்குத் தெரிந்திருந்தது. ஒரு இடத்தில் அண்ணியின் கை போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்க முடியுமா? எனக்குப் பொறுக்கவில்லை. இல்லாத மனுஷருக்காக நான் இப்படித் தவிப்பேன் என்று யாராவது ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். சிக்னலில் வண்டி நின்றதும் கேட்டேவிட்டேன்.

"என்னண்ணே ஆச்சு? அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தானா இல்லையா?"

வெண்கலம் தலையைத் தூக்கவில்லை. இடது கையை மட்டும் என் பக்கம் நீட்டி, சத்தம் போடாதே என்று காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.